புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் இதயம்: தாமதச் சேதத்தை அணு மருத்துவ ஸ்கேனில் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

மார்பகப் புற்றுநோய்க்கோ, ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கோ சிகிச்சை முடித்தவரின் கோப்பைப் புரட்டினால் எங்கோ ஒரு தாளில் "ஈ.எஃப். 58%" என்றிருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் ஈ.எஃப். எக்கோவில் (ஒலியலைப் பரிசோதனை) பார்த்ததா, மூகா ஸ்கேனில் (சிவப்பணுக்களில் கதிரியக்கப் பொருளை ஒட்ட வைத்து எடுக்கும் அணு ஸ்கேன்) பார்த்ததா, எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்பதெல்லாம் இருக்காது. எட்டு ஆண்டுகள் கழித்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வேறொரு மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே 51% என்கிறார்கள். இதயம் பலவீனமாகிவிட்டதா, இல்லை அளந்த விதம்தான் மாறிவிட்டதா? பழைய கோப்பு சரியாக இல்லாவிட்டால் இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

இந்த வழிகாட்டி, சிகிச்சை முடித்தவர்களுக்கும் அவர்களைக் கவனிக்கும் குடும்பத்தாருக்கும், அணு மருத்துவப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்களுக்கும் இளம் மருத்துவர்களுக்கும் எழுதப்பட்டது. மருந்தை நிறுத்துவது, மாற்றுவது எதுவானாலும் உங்கள் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

படி 1: பழைய காகிதங்களிலிருந்து இரண்டு எண்கள்

ஸ்கேனுக்குத் தேதி வாங்கும் முன் இரண்டு எண்களைத் தேடி எடுங்கள்.

முதலாவது, ஆந்த்ராசைக்ளின் வகை மருந்தின் மொத்த அளவு. டாக்ஸோரூபிசின், எபிரூபிசின், டானோரூபிசின் ஆகியவை இந்த வகை. சிவப்பாக இறங்கும் கீமோ என்றால் பெரும்பாலும் இதுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் மொத்த அளவு இல்லாவிட்டாலும் சிகிச்சைத் திட்டத்தின் பெயரிலிருந்து கணக்குப் போடலாம். மார்பகப் புற்றுநோய்க்கு 'ஏ.சி.' நான்கு சுற்று என்றால், சுற்றுக்கு, உடல் பரப்பளவில் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் வீதம் 240. வேறு வகை லிம்ஃபோமாவுக்கு 'ஆர்-சாப்' ஆறு சுற்று என்றால் 50 வீதம் 300. ஹாட்ஜ்கினுக்கு 'ஏ.பி.வி.டி.' ஆறு சுற்று என்றால் சுற்றுக்கு இரண்டு முறை 25 வீதம், அதுவும் 300. வேறு ஆந்த்ராசைக்ளின் கொடுத்திருந்தால் டாக்ஸோரூபிசினுக்கு இணையாக மாற்ற வேண்டும். எபிரூபிசினுக்கு 0.8 என்ற பெருக்கெண் இப்போது பரவலாக உள்ளது. பட்டியலுக்குப் பட்டியல் இது மாறும் என்பதால், எதைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அளவு ஏற ஏற ஆபத்து நேர்கோட்டில் ஏறுவதில்லை, செங்குத்தாக ஏறுகிறது. 2003-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், டாக்ஸோரூபிசின் சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராமில் ஏறக்குறைய 5% பேருக்கும், 550-இல் 26% பேருக்கும், 700-இல் 48% பேருக்கும் இதயச் செயலிழப்பு வந்ததாகக் கணக்கிடப்பட்டது. சிறுவயதில் சிகிச்சை பெற்றவர்களுக்கு 250-ஐத் தாண்டினாலே அதிக ஆபத்துதான்.

இரண்டாவது, கதிர் சிகிச்சையில் இதயம் வாங்கிய சராசரி அளவு. கதிர் சிகிச்சைப் பிரிவின் திட்டக் கணினியில் இது இருக்கும். கேட்டால் அச்சிட்டுத் தருவார்கள். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இந்தச் சராசரி ஒரு கிரே (கதிர் அளவின் அலகு) கூடும்போதெல்லாம் மாரடைப்பு போன்ற பெரிய இதய நிகழ்வுகளின் ஆபத்து 7.4% கூடுகிறது. முதல் ஐந்து ஆண்டுக்குள்ளேயே தொடங்கி இருபது ஆண்டுவரை அது நீள்கிறது. பழைய கோபால்ட் இயந்திரக் காலத்துச் சிகிச்சை என்றால் இதய அளவு கிடைக்காது. அப்போது எந்தப் பக்கம், எந்தப் புலம் (கதிர் பட்ட பரப்பு), மொத்தம் எத்தனை கிரே, எந்த ஆண்டு என்பதையாவது குறித்துக்கொள்ளுங்கள். இடது மார்பு, அல்லது லிம்ஃபோமாவுக்குக் கழுத்து முதல் நடுமார்புவரை கொடுத்த அகலமான புலம் என்றால், இதயம் கதிரின் பாதையில் இருந்தது என்றே கொள்ள வேண்டும்.

படி 2: கேள்வியைத் தீர்மானித்துவிட்டு ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள்

"இதய ஸ்கேன்" என்று ஒன்று தனியாகக் கிடையாது. ஆந்த்ராசைக்ளின் தாக்குவது இதயத் தசையை, அதனால் பம்பின் திறன் குறைகிறது. கதிர் முதலில் தாக்குவது ரத்தக் குழாய்களை, அதாவது நுண்குழாய்களையும், இதயத்துக்கு ரத்தம் தரும் கரோனரி நாளங்களின் தொடக்க வாயையும். ஆகவே கீமோ மட்டும் வாங்கியவருக்குப் பம்பை அளக்கும் மூகா பொருந்தும். மார்பில் கதிர் வாங்கியவருக்கு ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் ஸ்கேன் தேவை. கதிர் வாங்கியவருக்கு மூகா மட்டும் எடுத்து "ஈ.எஃப். 62, எல்லாம் நலம்" என்று அனுப்புவதுதான் நாம் அதிகம் பார்க்கும் பிழை. மூன்று நாளங்களும் அடைபட்டிருந்தாலும் ஓய்வு நிலையில் ஈ.எஃப். நன்றாகவே இருக்க முடியும்.

வால்வு தடிப்பதையும், இதய உறை இறுகுவதையும் அணு ஸ்கேன் காட்டாது. கதிருக்குப் பின் இரண்டுமே வரக்கூடியவை. எனவே எக்கோ எப்போதும் முதலில் வரும். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலிலும் ஈ.எஃப். அளக்க எக்கோவும் இதய எம்.ஆர்.ஐ.யும் முன்னே நிற்கின்றன, மூகா அவற்றுக்குப் பின்தான். அந்த வரிசை நியாயமானதே, ஏனென்றால் மூகாவில் ஒவ்வொரு முறையும் கதிரியக்கம் உண்டு. ஆனால் மார்பக அறுவைத் தழும்பாலோ, செயற்கை மார்பகத்தாலோ, உடல் பருமனாலோ எக்கோ தெளிவில்லாமல் போகும்போதும், எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதபோதும், பழைய அளவீடு மூகாவில் இருக்கும்போதும் மூகாதான் சரி. சாதாரண இரு பரிமாண எக்கோவில் அளவீட்டுக்கு அளவீடு 10 புள்ளிவரை தானாகவே ஏறி இறங்கும். ஒழுங்காக எடுத்த மூகாவில் அது 5 புள்ளிக்குள் அடங்கும்.

படி 3: மூகா — சிவப்பணுவுக்கு முத்திரை இடுதல்

ஸ்கேன் நன்றாக வருவதும் கெடுவதும் இங்கேதான் முடிவாகிறது. கேமராவைவிட ஊசிதான் முக்கியம்.

டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சிவப்பணுவுக்குள் தங்க வேண்டுமானால் உள்ளே முன்கூட்டியே வெள்ளீயம் இருக்க வேண்டும். டெக்னீசியம் உள்ளே நுழைந்ததும் வெள்ளீயம் அதை மாற்றி ஹீமோகுளோபினோடு ஒட்ட வைக்கிறது. வெள்ளீயம் குறைந்தால் டெக்னீசியம் ஒட்டாமல் வெளியேறும். கூடினால் அணுவுக்கு வெளியே, பிளாஸ்மாவிலேயே வேலை முடிந்துவிடும். எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு.

உடலுக்குள்ளேயே முத்திரை இடும் எளிய முறையில் வெள்ளீயப் பைரோபாஸ்பேட்டை ஊசியில் ஏற்றி, 15 முதல் 30 நிமிடம் காத்திருந்து, 740 முதல் 925 மெகாபெக்கெரல், அதாவது 20 முதல் 25 மில்லிக்யூரி டெக்னீசியத்தைச் செலுத்துகிறார்கள். முத்திரைத் திறன் 75–80% அளவில் நிற்கும். கீமோ முடித்தவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது திருத்திய முறை. வெள்ளீயம் ஏற்றியபின் 3 மில்லிலிட்டர் ரத்தத்தை, உறைவுத்தடுப்பான் ஏ.சி.டி.யும் டெக்னீசியமும் உள்ள ஈயக்கவசச் சிரிஞ்சில் எடுத்து, 10 நிமிடம் மெல்ல உருட்டிவிட்டுத் திரும்பச் செலுத்த வேண்டும். திறன் 90% பக்கம் வரும். முழுக்கக் குப்பியிலேயே செய்யும் கிட் கிடைத்தால் 95%-ஐயும் தாண்டும்.

முத்திரை ஏன் கெடுகிறது?

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போட்டிருந்தால் கெடும். கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பதித்த குழாய்) வழியாகச் செலுத்தினால் கெடும், குழாயின் பிளாஸ்டிக்கில் வெள்ளீயம் ஒட்டிக்கொள்ளும். அதனால் கை ரத்தக் குழாயில் நேரடி ஊசிதான் நல்லது. அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில் குத்தக் கூடாது, எதிர்க் கைதான். ரத்தசோகை இருந்தால் சிவப்பணு குறைவு, முத்திரையும் குறையும். டாக்ஸோரூபிசின் சமீபத்தில் ஏற்றியிருந்தாலும், அயோடின் கலந்த சி.டி. ஸ்கேன் சாயம் முந்தின நாள் போட்டிருந்தாலும் பாதிப்பு வரலாம். ரத்தம் ஏற்றியிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

முத்திரை கெட்டதைப் படத்திலேயே பார்க்கலாம். தைராய்டும் இரைப்பையும் பளிச்சென்று தெரிந்தால் ஒட்டாத டெக்னீசியம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இதயத்தைச் சுற்றிய பின்னணி மங்கலாக உயர்ந்துவிடும். அந்தப் படத்திலிருந்து ஈ.எஃப். எழுதாமல் வேறு நாளில் திரும்ப எடுப்பதே நேர்மை.

படி 4: மூகா — படம் எடுத்தல்

நோயாளிக்குப் பட்டினி கட்டாயமில்லை. ஈ.சி.ஜி. ஒட்டுகளை உறுதியாக ஒட்ட வேண்டும். கதிர் வாங்கிய தோல் வறண்டு கனத்திருந்தால் ஒட்டு நிற்காது, தோள்பட்டைப் பக்கம் நகர்த்தி ஒட்டுங்கள். ஈ.சி.ஜி.யில் ஆர்-அலை (துடிப்பின் உயர்ந்த கூர்முனை) உயரமாக வரும் லீடைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தொடர்ந்து வரும் டி-அலையிலும் கணினி தூண்டப்பட்டால் ஒரு துடிப்பு இரண்டாக எண்ணப்பட்டு வளைவு சிதையும்.

கேமரா இடது முன்சாய்வில், 45 பாகைக்கு அருகே நிற்கும். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இரு கீழறைகளுக்கு நடுவே உள்ள இடைச்சுவர் திரையில் செங்குத்தாகத் தெரியும்வரை கோணத்தை நகர்த்த வேண்டும். சிலருக்கு 30 பாகையிலேயே கிடைத்துவிடும். கூடவே 5 முதல் 10 பாகை காலடிப் பக்கச் சாய்வு கொடுத்தால் இடது மேலறை கீழறையிலிருந்து விலகித் தெரியும்.

ஈ.எஃப். மட்டும் போதுமென்றால் ஒரு துடிப்புக்குக் குறைந்தது 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்). இதயம் விரியும் வேகத்தையும் பார்க்க வேண்டுமென்றால் 32 அல்லது அதற்கு மேல். ஒவ்வொரு சட்டத்திலும் கேமரா பதியும் கதிர் எண்ணிக்கை 2 லட்சமாவது சேர வேண்டும். துடிப்பு இடைவெளிக்கு 10% முதல் 15% வரை தளர்வு விடுங்கள். தவறிய துடிப்புகள் அதிகமாக நிராகரிக்கப்பட்டால் நேரம் நீளும், ஆனால் அது நல்லதே. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற துடிப்பு) உள்ளவரிடம் கிடைக்கும் எண் ஒரு சராசரிதான், அறிக்கையில் அதைச் சொல்லியாக வேண்டும்.

விரியும் வேகத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். தசை இறுகத் தொடங்கினால் சுருங்குவது கெடும் முன்பே விரிவது மந்தமாகலாம். உச்ச நிரப்பு வேகம் நொடிக்கு முழுக்கொள்ளளவின் 2.5 மடங்குக்குக் கீழ் இருந்தால், வயதையும் நாடித்துடிப்பையும் சேர்த்துப் பார்த்து யோசிக்க வேண்டும். வயதானால் இது இயல்பாகவே குறையும்.

படி 5: மூகா — கோடு வரைதல்

திரையில் இடது கீழறையைச் சுற்றிக் கோடு வரைந்து, அதற்குள் விழும் கதிர் எண்ணிக்கையைக் கொண்டு ஈ.எஃப். கணக்கிடுகிறார்கள். கணக்கு எளிமையானது. முழுக்க விரிந்த நிலை எண்ணிக்கையிலிருந்து முழுக்கச் சுருங்கிய நிலை எண்ணிக்கையைக் கழித்து, அதை, பின்னணி கழித்த விரிந்த நிலை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பின்னணி என்பது கீழறைக்கு முன்னும் பின்னும் உள்ள திசுவிலிருந்து வரும் எண்ணிக்கை; கீழறைக்கு வெளியே ஒரு பெட்டி வரைந்து அதை அளப்பார்கள். அந்தப் பின்னணியில்தான் வினை.

விரிந்த நிலை 20,000, சுருங்கிய நிலை 12,000 என்று வைத்துக்கொள்வோம். பின்னணி 6,000 என்றால் ஈ.எஃப். 57%. பின்னணிப் பெட்டி தவறி மண்ணீரல்மேல் விழுந்து 9,000 என்று வந்தால், அதே இதயம் 73% காட்டும். பெட்டி நுரையீரல் பக்கம் அதிகம் விலகி 4,000 என்று வந்தால் 50%. இதயத்தில் எதுவும் மாறவில்லை, பெட்டி மட்டும் நகர்ந்தது. முதல் ஸ்கேனில் ஒருவர், அடுத்ததில் இன்னொருவர் வரைந்தால், நோயே இல்லாத இடத்தில் நோயும், நோய் இருக்கும் இடத்தில் நலமும் தென்படும். பெட்டி கீழறைக்கு வெளியே, கடிகார முள் நான்கு மணி காட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். மண்ணீரலையும் பெருந்தமனியையும் தொடக் கூடாது. இடது மேலறை கோட்டுக்குள் புகுந்தால் சுருங்கிய நிலை எண்ணிக்கை ஏறி ஈ.எஃப். பொய்யாகக் குறையும்.

ஆகவே புதிய ஸ்கேனைக் கணக்கிடும்போது பழைய ஸ்கேனின் மூலத் தரவைத் திரையில் பக்கத்தில் திறந்து, இரண்டையும் ஒரே கையால் மறுபடி வரைவதே முறை. பத்து நிமிட வேலைதான். முப்பரிமாணத்தில் எடுத்த மூகாவின் எண்ணைத் தட்டைப் படத்தின் எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது.

படி 6: பெர்ஃப்யூஷன் ஸ்கேன் — மார்பில் கதிர் வாங்கியவர்களுக்கு

இதய சராசரி 15 கிரேயைத் தாண்டியவர்களுக்கு, அறிகுறி இல்லாவிட்டாலும், கதிர் முடிந்த ஐந்தாம் ஆண்டிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை நாள அடைப்பைத் தேடலாம் என்று அதே 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. பெர்ஃப்யூஷன் ஸ்கேன் அதற்கான வழிகளில் ஒன்று.

தயாரிப்பில் பலர் தவறுவது காபியில். அடினோசின் அல்லது ரெகாடினோசான் கொடுத்து நாளங்களை விரிக்கும் பரிசோதனை என்றால், குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரம், காபி, டீ, சாக்லேட், கோலா எதுவும் கூடாது. கெஃபீன் கலந்த தலைவலி மாத்திரையும் கூடாது. கெஃபீன் அந்த மருந்தின் கதவையே அடைத்துவிடும். நாளம் விரியாது, அடைப்பு மறைந்து ஸ்கேன் நலமாகத் தெரியும். விடிந்ததும் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடித்துவிட்டு, "வேறு எதுவும் சாப்பிடவில்லை" என்று வருபவர்கள் நிறைய. அவரைத் திருப்பி அனுப்பி வேறு தேதி கொடுங்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் டோபுட்டமின் மருந்து வழி. இடது கிளை அடைப்பு (ரத்த நாளத்தில் அல்ல, இதயத்தின் மின் கடத்தல் பாதையில் உள்ள தடை) ஈ.சி.ஜி.யில் இருந்தால் ட்ரெட்மில் வேண்டாம், விரிக்கும் மருந்துதான், இல்லையேல் இடைச்சுவரில் பொய்க் குறை தெரியும்.

அடினோசின் கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம் வீதம் ஆறு நிமிடம் ஓடும், மூன்றாம் நிமிடத்தில் செஸ்டமிபி என்ற கதிரியக்க ஊசி. ரெகாடினோசான் என்றால் எல்லோருக்கும் 0.4 மில்லிகிராம், ஒரே தள்ளில். ஒரே நாள் முறையில் முதல் ஊசி 8–12 மில்லிக்யூரி, இரண்டாவது அதன் மூன்று மடங்கு. அழுத்த நிலையை (விரிக்கும் மருந்தோ உடற்பயிற்சியோ கொடுத்த நிலையை) முதலில் எடுத்து, அது தெளிவாக நலமாக இருந்தால் ஓய்வு ஊசியையே தவிர்க்கலாம். ஏற்கெனவே கதிர் வாங்கிய உடம்புக்கு இது உண்மையான லாபம். விரிக்கும் மருந்துக்குப் பின் ஒரு மணி நேரம்போலக் காத்திருக்க வேண்டும், கல்லீரலிலும் குடலிலும் உள்ள பிரகாசம் இறங்கத்தான்.

இனி வாசிப்பு. இடது மார்பகத்துக்குக் கதிர் வாங்கியவர்களை வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்து ஸ்கேன் செய்தபோது, ஆறு மாதத்தில் 27% பேருக்கும் இரண்டாம் ஆண்டில் 42% பேருக்கும் புதிய ரத்த ஓட்டக் குறை தெரிந்தது. இடது கீழறையின் 5%-க்கு மேல் கதிர்ப் புலத்துக்குள் இருந்தவர்களுக்கே இது மிக அதிகம். அந்தக் குறை முன்சுவரிலும் நுனியிலும், கதிர்ப் புலத்தின் வடிவத்தில் இருக்கும். ஒற்றை நாளத்தின் எல்லைக்குள் அடங்காது.

சிக்கல் என்னவென்றால், பெண்களில் மார்பகம் நிழல் விழுத்துவதும் அதே முன்சுவரில்தான். நிழலா, நிஜமா என்று பிரிக்கக் குப்புறப் படுக்க வைத்து மறுபடி எடுங்கள், அல்லது சி.டி. திருத்தம் (உடல் மறைத்த கதிரைச் சி.டி. ஸ்கேன் கொண்டு கணக்கிட்டுச் சரிசெய்வது) செய்யுங்கள். திருத்தும்போது சி.டி. படமும் இதயப் படமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று கண்ணால் பாருங்கள். இதயச் சுவர் சி.டி.யின் நுரையீரல்மேல் விழுந்தால் திருத்தமே பொய்க் குறையை உண்டாக்கும். மார்பக எக்ஸ்பாண்டரின் (மார்பக மறுசீரமைப்புக்குத் தோலை விரிக்கும் பை) உலோக வாயும் திருத்தத்தைக் குழப்பும். சுவர் நன்றாக அசைகிறது, ஆகவே நிழல்தான் என்று முடிவுகட்டும் வழக்கமான தர்க்கம் இங்கே முழுதும் செல்லாது. கதிரால் வந்த நுண்குழாய்க் குறையிலும் சுவர் நன்றாக அசையலாம்.

இடது மார்பகம் அகற்றப்பட்டவரிடம் இது தலைகீழாகிறது. மென்பொருளின் இயல்புத் தரவு இரு மார்பகமும் உள்ள பெண்களிடமிருந்து வந்தது. இவரிடம் நிழல் இல்லாததால் முன்சுவர் அந்தத் தரவைவிடப் பிரகாசமாகத் தெரியும், அதனடியில் உண்மைக் குறை ஒளிந்துகொள்ளும். அப்போது மென்பொருள் தரும் மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டுப் படத்தைப் படியுங்கள்.

சுழலும் மூலப் படத்தை ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்க்காமல் அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள். செஸ்டமிபி கட்டிகளிலும் தேங்கும். எதிர் மார்பகத்திலோ அக்குளிலோ நுரையீரலிலோ ஒரு புள்ளி தெரிந்தால் அது புற்றுநோய் திரும்பியதன் முதல் தடயமாக இருக்கக்கூடும். திருத்தத்துக்கு எடுத்த சி.டி.யில் கரோனரி சுண்ணாம்புப் படிவு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

எல்லாச் சுவரும் சமமாகத் தெரிவதும் ஆபத்தாக இருக்கலாம். கதிர் நாளங்களின் தொடக்க வாயைத் தாக்குவதால் எல்லாப் பக்கமும் ஒரே அளவு ரத்தம் குறையும், படம் ஒப்பீடு என்பதால் குறை தெரியாது. அழுத்தத்துக்குப் பின் இதய அறை விரிந்து தெரிவதும், ஈ.எஃப். ஓய்வைவிட இறங்குவதும் எச்சரிக்கைகள். சந்தேகம் இருந்தால் அமோனியா என்-13 அல்லது ருபீடியம்-82 என்ற கதிரியக்கப் பொருள் கொண்டு பெட் (பி.இ.டி.) ஸ்கேன் எடுக்க வேண்டும். அது ரத்த ஓட்டத்தை மில்லிலிட்டரில் அளக்கும். அழுத்த நிலை ஓட்டம் ஓய்வின் இரண்டு மடங்குக்குக் கீழே இருந்தால் பாதிப்பு உண்டு. பெட் வசதி இல்லாத ஊரில் கரோனரி சி.டி. ஆஞ்சியோ நல்ல மாற்று.

படி 7: நரம்பைக் காட்டும் எம்.ஐ.பி.ஜி.

ஆந்த்ராசைக்ளின் துடிப்பை வேகப்படுத்தும் அனுதாப (சிம்பதெடிக்) நரம்புகளின் இதய முனைகளையும் கெடுக்கிறது, சிலரிடம் ஈ.எஃப். இறங்கும் முன்பே. அயோடின்-123 எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன் இதைக் காட்டும். 15 நிமிடத்திலும் 4 மணி நேரத்திலும் இதயத்திலும் நடுமார்பிலும் பதிவாகும் கதிர் எண்ணிக்கைகளின் விகிதத்தை அளப்பார்கள். தைராய்டைக் காக்க முன்னதாகப் பொட்டாசியம் அயோடைடு கொடுப்பது வழக்கம். மன அழுத்தத்துக்கான சில பழைய மாத்திரைகள், ரத்த அழுத்த மருந்தான லேபெட்டலால், சளி மருந்திலுள்ள சூடோஎஃபெட்ரின் ஆகியவை முடிவைக் கெடுக்கும். வழக்கமான பின்தொடர்தலுக்கு இதைக் கேட்டு அலைய வேண்டியதில்லை.

படி 8: எண் கைக்கு வந்தபின்

முந்தைய அளவிலிருந்து 10 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கி 50%-க்குக் கீழே போனால் அது கணக்கில் எடுக்க வேண்டிய வீழ்ச்சி. 40%-க்குக் கீழே என்றால் கடுமை. 58-லிருந்து 54 என்பது அளவீட்டின் அசைவுக்குள் அடங்கும், அதற்காக இரவு தூக்கம் கெட வேண்டாம். அதேசமயம் 72-லிருந்து 55 என்பதை "நார்மல்" என்று விட்டுவிடவும் கூடாது.

வீழ்ச்சி என்றால் சில வாரங்களுக்குள் அதே முறையில் மறுபடி அளந்து உறுதி செய்ய வேண்டும். கூடவே இதயத்தின் சேதத்தையும் சுமையையும் காட்டும் ட்ரோபோனின், என்.டி.-ப்ரோ பி.என்.பி. ரத்தப் பரிசோதனைகளும் இதய நிபுணரின் ஆலோசனையும். உறுதியான பிறகு தாமதிக்கக் கூடாது. ஆந்த்ராசைக்ளினால் இதயம் பலவீனமானவர்களைப் பற்றி 2010-இல் மிலானிலிருந்து வந்த ஆய்வில், இதய மருந்துகளான எனாலாப்ரிலும் கார்வெடிலாலும் எவ்வளவு சீக்கிரம் தொடங்கப்பட்டனவோ அந்த அளவுக்கு ஈ.எஃப். மீண்டது. ஆறு மாதத்துக்குப் பின் தொடங்கியவர்களில் முழு மீட்சி காணப்படவில்லை.

கதிரியக்கக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 740 மெகாபெக்கெரலில் ஒரு மூகா ஏறக்குறைய 5 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிரியக்கத்தின் அலகு). ஓய்வும் அழுத்தமும் சேர்ந்த பெர்ஃப்யூஷன் ஸ்கேன் அதுபோல இரண்டு மடங்கு. இயற்கையாக ஓர் ஆண்டில் நமக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4. தேவையுள்ள ஸ்கேனுக்கு இது தடையாகாது. ஆனால் இருபது வயதில் சிகிச்சை முடித்தவருக்கு ஆண்டுதோறும் மூகா எடுப்பது சரியல்ல, அவருக்கு எக்கோவே வழக்கமாக இருக்கட்டும். கருவுற்றிருக்க வாய்ப்பு இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம், ஒரே நாளில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். ஓரிரு நாளில் விமானப் பயணம் என்றால் மருத்துவமனையிடம் கடிதம் வாங்குங்கள், கதிரியக்கக் கருவி ஒலி எழுப்பக்கூடும்.

படி 9: கிளம்பும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

அறிக்கைத் தாள் மட்டும் போதாது. மூலத் தரவைக் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேளுங்கள். அச்சிட்ட படத்திலிருந்து மறுபடி கோடு வரைய முடியாது. அறிக்கையில் முத்திரை முறை, கேமராக் கோணம், சட்டங்களின் எண்ணிக்கை, நாடித்துடிப்பு, அன்றைய ரத்த அழுத்தம், கணக்கிட்ட மென்பொருள் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். படி 1-இல் தேடி எடுத்த இரண்டு எண்களையும் அந்தத் தாளின் மேலேயே எழுதி, உறையின் வெளியே ஆண்டைப் போட்டு வையுங்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது இந்த உறையை டெக்னீஷியன் கையில், ஊசி போடும் முன்பே கொடுங்கள். படம் எடுத்து முடித்தபின் கொடுத்தால் பழைய கோணத்தில் எடுக்கும் வாய்ப்பு போய்விட்டிருக்கும்.